லேசர் வேங்கை செத்த விதங்கள்

குரல்காரருக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம். வாய்க்குள்ளேயே மென்று பேசுகிறவர்களைக் கண்டால் இளக்காரம். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்களைக் கண்டால் இளக்காரம். அவர் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய இடத்தில் பேருந்து நிலையத்தில் பேசிக்கொண்டிருக்கிறதே ஒரு பதிவு செய்த பெண்குரல், அதைக் கேட்டால் இளக்காரம் தலைக்கேறி, வந்த பேருந்தையும் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று குரல் கொடுத்தால்கூட, “தொண்டையிலேர்ந்து கூப்பிடாதப்பா, அடிவயித்துலேர்ந்து கூப்பிடு” என்று பாடம் எடுக்கத் தொடங்குவார். பாடம் முடிவதற்குள் அந்த மனிதர் கீழ்த்தளத்துக்குப் போயிருப்பார்.

தன் குரலைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது இவர் ‘உள்ளேன் ஐயா’ என்றதும் வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் நழுவியது என்பார். உண்மையோ பொய்யோ, அதை அவர் சொல்லிக் காட்டும்போது எதிரில் இருப்பவர் கையிலிருந்து ஏதாவது நழுவத்தான் செய்யும். அந்தத் தொண்டையை நம்பித்தான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கொடுத்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ‘ஐந்தாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து... இதோ... புறப்படப் போகிறது!’ என்று தூக்குத்தண்டனை வாசிப்பது போல வாசிப்பார். ஐந்தாவது நடைமேடைக்காரர்கள், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே ஓடுவார்கள்.

ஆனால் அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிரை விட்டது வேறு இடத்தில். வீடியோ கேசட்டுகள் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைத்த காலம் அது. எங்கெங்கோ எடுத்த மூன்றாந்தர அடிதடிப் படங்களை மலிவாக வாங்கி, தமிழில் பேசவைத்து, கேசட்டாகப் போட்டு விற்கிற முதலாளி ஒருவர் இருந்தார். டயர் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, கதவின் உட்புறம் ஆணி அடித்து மாட்டிய பழைய மெத்தை, நடுவில் ஒரே ஒரு மைக். அதுதான் ஸ்டுடியோ. கீழே டயருக்குக் காற்றடித்தால் மேலே ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாலையில் கூண்டிலிருந்து இறங்கியதும் குரல்காரர் நேராக அங்கே போய்விடுவார். அவருக்குக் கிடைத்தவர்கள் அடியாட்கள். ‘பாஸ், அவன் வந்துவிட்டான்!’ ‘சுடுங்கள் அவனை!’ ‘ஆ!’ ஓர் அடியாளின் ஆயுள் அவ்வளவுதான். படத்துக்கு ஒரு டஜன் பேராகச் செத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. திரையில் இருக்கிற அந்நிய தேசத்து அடியாள் அவன் பாஷையில் நீட்டி முழக்கியிருப்பான். தமிழில் அதே விஷயம் சட்டென்று முடிந்துவிடும். வசனம் தீர்ந்த பிறகும் அவன் வாய் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த மிச்ச வாய்க்கு எதையாவது போட்டு அடைக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு சரக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் ‘தெரிகிறதா’ போடுவார். இன்னொருவர் இருமுவார். குரல்காரர் போட்டது ‘அப்படித்தானே’. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அது. ‘பாஸ், அவன் தப்பித்துவிட்டான், அப்படித்தானே!’ ‘துப்பாக்கியைக் கீழே போடு, அப்படித்தானே!’ அர்த்தம் வருகிறதா என்று யார் பார்த்தார்கள்? வாய் மூடுகிறபோது சத்தமும் நின்றால் சரி. ஒரு படத்தில் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுகிற அடியாள் ஒருவன், தரைக்கு வந்துசேரும் வரை வாயைத் திறந்து திறந்து மூடினான். ‘விழுகிறேன்... விழுகிறேன்... அப்படித்தானே!’ என்று அதையும் அடைத்தார் குரல்காரர். முதலாளி எழுந்து வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கதாநாயகன் குரல் மட்டும் கிடைக்கவேயில்லை. அது இன்னொருவருக்கு எழுதிவைத்த சொத்து. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் மைக் முன்னால் வந்து நின்று குழைவார். எல்லாரும் அவரைத் தேன்குரல் என்றார்கள். “தேனாம் தேன்! ஈ மொய்க்கிற குரல்” என்பார் நம்மவர். தேன்குரலுக்குச் சளி பிடித்த நாட்களில் இவர் கதாநாயகனின் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். முதலாளியோ ஒலிப்பதிவையே தள்ளிவைத்துவிடுவார். “கோவிச்சுக்காதீங்க. உங்க குரல் சாகறதுக்குன்னே பொறந்த குரல்” என்று ஒரு நாள் சமாதானம் சொன்னார். அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் குரல்காரர் ரொம்ப காலம் தவித்தார். கேசட் காலம் முடிந்தது, முதலாளி கடையைக் கட்டினார், தேன்குரலும் போன வருஷம் போய்ச்சேர்ந்தார். துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட நம்மவர் வாய் சும்மா இருக்கவில்லை. “ஒரு படத்துலயாவது ஒழுங்கா சாகத் தெரியாத ஆளு. எப்படித்தான் செத்தானோ!” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துபோய் நின்றார்கள்.

வீட்டில் மனைவி துணி திருத்துகிற வேலை செய்கிறாள். ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது, கால்சட்டை நீளம் குறைப்பது. எந்நேரமும் உதட்டில் குண்டூசிகளைக் கடித்திருப்பாள். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், “இவ என் குரலுக்கு மயங்கித்தான் என்னைக் கட்டிக்கிட்டா” என்று குரல்காரர் பீற்றிக்கொள்வார். வாய் நிறைய ஊசி இருக்கிறவள் என்ன சொல்ல முடியும்? உதட்டை இறுக்கிக்கொண்டு தையலில் குனிந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வீடியோ கேம் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

“சார், கேசட் காலத்து ஆக்‌ஷன் படம் மாதிரி ஒரு கேம் பண்றோம். நீங்கதான் குரல் குடுக்கணும்” என்றது ஒரு பெண்குரல்.

“எத்தனை அடியாளும்மா?”

“அடியாள் இல்ல சார். ஹீரோ.”

குரல்காரர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மறுபடி எடுத்துப் பேசினார். பேசி முடித்ததும் மனைவியின் தையல் இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார். “கடைசியில இந்த உலகத்துல ஒருத்திக்காவது காது இருந்திருக்கு” என்றார். அவள் ஊசிகளுக்கிடையே, “ம்” என்றாள். அன்றிலிருந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதும், ஐஸ் தண்ணீரைக் கண்டால் விலகி நடப்பதுமாக ஒரே அமர்க்களம். தேன்குரலுக்குக் கொடுத்ததெல்லாம் தனக்கு வரவேண்டியது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர் அவர். அதை நிரூபிக்க இந்த ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. இனி இன்னொன்று வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

கம்பெனி ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பல்லைக் குடைகிற சத்தம் கேட்டால் மேலே ஒலிப்பதிவை நிறுத்துவார்கள். டயர் கடைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று படியேறும்போதே குரல்காரர் மூக்கைச் சுளித்தார். டைரக்டர் என்று வந்து நின்றவள் முப்பதைத் தாண்டிய பெண். ஒலிப்பதிவுக்காரன் கொண்டை போட்டிருந்தான். இருவரும் கேசட் படம் அச்சடித்த பனியன் அணிந்திருந்தார்கள். எதிரில் இருந்த பெரிய திரையில் கேமை ஓட்டிக் காட்டினார்கள்.

வானம் ஊதா நிறம். சாலை இளஞ்சிவப்பு. கார், கட்டடம், மனுஷன் எல்லாமே டியூப்லைட்டை விழுங்கியது போல ஒளிர்ந்தன. பின்னணியில் மின்சார மேளம் ஒன்று விடாமல் டும்டும் என்று தலையில் அடித்தது. கதாநாயகன் பெயர் லேசர் வேங்கை. புலிமுகம் போட்ட தலைக்கவசம், கையில்லாத தோல் சட்டை, கண்ணிலிருந்து பச்சை நிறத்தில் ஒளிக்கற்றை. வருங்காலத்தில் ஏதோ ஓர் ஊரை இயந்திர நாய்கள் பிடித்துவிட்டனவாம், இவர் ஒற்றை ஆளாய் மீட்கிறாராம். நாய் வெடித்தால் ரத்தத்துக்குப் பதில் கலர் கலராய்க் கட்டம் கட்டமாய் ஏதோ சிதறியது. சின்னப் பிள்ளை கிரேயானால் கிறுக்கியதுகூட இதைவிடப் பரவாயில்லை என்று குரல்காரர் நினைத்தார். அப்போது திரையின் குறுக்கே கோடுகள் ஓடி, படம் ஒரு குலுங்கு குலுங்கியது.

“வயர் லூசா இருக்கு, பாருங்க” என்றார்.

“இல்ல சார், அது நாங்களே போட்டது” என்றாள் டைரக்டர் பெண், முகமெல்லாம் பூரிப்பாக. “தேஞ்சுபோன கேசட் மாதிரி தெரியணும்னு. அந்தக் கோட்டுக்காகவே ஒருத்தர் மாசக்கணக்கா உக்காந்து வேலை பார்த்தார்.”

“கோடு வரக்கூடாதுன்னு நாங்க மெஷினைத் துடைச்சுத் துடைச்சு உயிரை விட்டோம். எங்களால முடியாம வந்த தப்பும்மா அது. நீங்க எல்லாம் முடிஞ்சும் பண்றீங்களே!”

“ஆமா சார்! அதான் சார் அதோட அழகே!” என்று கொண்டைக்காரன் கைதட்டினான். அந்தக் கோடு ஓடிய காலத்தில் இவனுக்குக் கால்சட்டைப் பொத்தான் போடத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்துக்காக இவன் ஏங்குகிறானாம். குரல்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வசனக் கட்டைக் கையில் வாங்கினார்.

கட்டு கனமாக இருந்தது. கதாநாயகனுக்கு இவ்வளவு வசனமா என்று நெஞ்சு நிமிர்ந்தது. புரட்டினார். முதல் சில பக்கங்களில் வசனம். அதற்குப் பிறகு எல்லாம் சாவு. குண்டடிபட்டுச் சாவு, மின்சாரம் தாக்கிச் சாவு, அமிலத் தொட்டியில் விழுந்து சாவு, இயந்திர நாய் கடித்துச் சாவு, தான் எறிந்த குண்டு தன்மேலேயே விழுந்து சாவு.

“ஹீரோன்னு சொன்னீங்களேம்மா?”

“ஹீரோதான் சார்.”

“ஹீரோ எதுக்கு சாகணும்?”

“ஆடறவங்க சரியா ஆடலன்னா செத்துடுவார் சார். மறுபடி எழுந்து வருவார், மறுபடி சாவார். கேம்ல அடியாள் ஒரு தடவைதான் சாவான். ஹீரோதான் விடாம சாவார்.”

வாழ்நாள் முழுக்க ஏங்கிய பதவி கிடைத்தும், செய்யப்போவது பழைய உத்தியோகம்தான் என்று புரிந்தபோது குரல்காரருக்கு இந்த உலகத்தின்மேல் இருந்த மதிப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது. இன்னொரு விஷயமும் உறுத்தியது. அநேகமாக ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் ‘அப்படித்தானே’ என்று அச்சடித்திருந்தது.

“இவர்தான் தலைக்கவசம் போட்டிருக்காரே. வாயே தெரியல. இது எதுக்கு?”

“அய்யோ, அது இருக்கட்டும் சார். அது இல்லன்னா அவர் லேசர் வேங்கையே இல்ல” என்றாள் அந்தப் பெண்.

தன் கண்டுபிடிப்பு இவர்கள் வரை வந்துசேர்ந்திருக்கிறதே என்று குரல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடி அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “இந்த நகரத்துக்கு இரண்டே நீதிபதிகள்தான். ஒன்று என் வலது கை. இன்னொன்று என் இடது கை. அப்படித்தானே!” அடிவயிற்றிலிருந்து எடுத்து, நெஞ்சில் ஒரு சுற்று சுற்றி, பல்லில் கடித்துத் துப்பினார். இத்தனை வருஷமாக உள்ளே அடைபட்டுக் கிடந்த கதாநாயகன் திமிறிக்கொண்டு வெளியே வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கொண்டைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுகிறார்கள்! தேன்குரல் தேன்குரல் என்று கொண்டாடினார்களே, அந்த மனுஷனுக்காக யாராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதுண்டா? குரல்காரர் அன்று காலை முழுவதும் வேங்கையாகவே இருந்தார்.

டீ குடிக்க இடைவேளை விட்டார்கள். கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர், ஒலிப்பதிவு அறையிலிருந்து தன் குரலே கேட்கவும் நின்றார். “இன்னொன்று என் இடது கை. அப்படித்தானே!” அடுத்த நொடி வெடித்தது சிரிப்பு. கதவிடுக்கில் பார்த்தார். பக்கத்து அறைக்காரர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். கொண்டைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சுழன்றான். “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று டைரக்டர் பெண் மூச்சுவாங்கக் கெஞ்சினாள். ஓட்டினார்கள். மறுபடி சிரித்தார்கள்.

குரல்காரர் டீயைக் குடிக்காமலே வீட்டுக்குப் போனார். வயிற்றுவலி என்று போனில் சொன்னார். சாயங்காலம் முழுக்க அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்லிவிட்டால் அவர்கள் கையில் இருப்பது இன்று காலை பேசியது மட்டும்தான், அதைக் காலத்துக்கும் ஓட்டி ஓட்டிச் சிரிப்பார்கள். ‘கேவலமாத்தானே வேணும்? வாங்கடா, அள்ளித் தர்றேன். எனக்கும் தெரிஞ்சுதான் பண்றேன்னு ஊருக்கே தெரியட்டும்’ என்று முடிவெடுத்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைத்தார்.

மறுநாள் மைக் முன்னால் நின்று வேண்டுமென்றே கெடுத்தார். மூக்கால் பேசினார். கீச்சுக் குரலில் செத்தார். அமிலத் தொட்டியில் விழுகிறபோது ஆடு கத்துவது போலக் கத்தினார். ‘அப்படித்தானே’யை ஐந்து நிமிஷம் இழுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தோளும் குலுங்கவில்லை. கொண்டைக்காரன் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். டைரக்டர் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“சார், இது சரியா வரல. காமெடி பண்ற மாதிரி இருக்கு.”

“காமெடிதானே வேணும்? நேத்து சிரிச்சீங்களே. கேட்டேன்.”

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் மழுப்பவில்லை. “சிரிச்சோம் சார். சின்ன வயசுல நானும் எங்க அண்ணனும் அந்தக் கேசட்டுங்களைத் தேயத் தேயப் பார்த்து இப்படித்தான் உருண்டு புரண்டு சிரிப்போம். கட்டடத்திலேர்ந்து ஒருத்தன் ‘விழுகிறேன், அப்படித்தானே’ன்னு கத்திக்கிட்டே விழுவானே, அந்த இடம் மட்டும் கேசட்ல தேஞ்சே போச்சு. உங்களைக் கண்டுபிடிக்க எவ்வளவு அலைஞ்சோம் தெரியுமா?”

“ஹீரோவுக்குப் பேசினவர் செத்துட்டார். அதனால என்கிட்ட வந்தீங்க. அப்படித்தான?” கேட்ட பிறகுதான் என்ன வார்த்தை வாயில் வந்தது என்று குரல்காரருக்கு உறைத்தது.

“ஹீரோவுக்குப் பேசினது யாரு சார்? எனக்கு ஞாபகமே இல்ல.”

தேன்குரலை ஊர் மறந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்கத்தான் குரல்காரர் இத்தனை காலம் காத்திருந்தார். கேட்டும் நாக்கில் ருசி தட்டவில்லை.

“இப்ப என்னதான் செய்யணும்கிறீங்க?”

“நீங்க எதுவும் செய்ய வேண்டாம் சார். நல்லா பேசறதா நினைச்சுப் பேசுங்க, போதும். நேத்து மாதிரி.” அவள் கும்பிடாத குறையாகத்தான் சொன்னாள். சொன்னது என்ன என்று அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. குரல்காரர் ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு மாடிப்படி இறங்கினார். பல் ஆஸ்பத்திரியில் யாரோ அலறினார்கள். அதில்கூட ஜீவன் இல்லை என்று நினைத்துக்கொண்டே போனார்.

மனைவி ஜன்னலோரம் ஒரு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள். நடந்ததையெல்லாம் அவர் பொரிந்து தள்ளினார். காதில்லாத ஜென்மங்கள், கோடு விழுந்தால் அழகு என்கிற கூமுட்டைகள், மெத்தை மாட்டிய கதவைப் பார்த்திராத பனியன் பட்டாளம். திட்டி ஓய்ந்ததும், உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் கேட்டிராததைக் கேட்டார்.

“நீ சொல்லு. நான் நல்லாத்தானே பேசுவேன்?”

அவள் உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

“இல்லைங்க.”

“எப்பவுமா?”

“எப்பவுமேதான்.”

“பஸ் ஸ்டாண்டுல?”

“பயந்துக்கிட்டுதான் பஸ் பிடிச்சாங்க.”

அவளே தொடர்ந்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடி நானும் எங்க அக்காவும் அந்தப் படமெல்லாம் பார்த்திருக்கோம். நீங்க செத்தா நாங்க சிரிச்சே செத்துருவோம். வீட்டுல எந்நேரமும் அதே பேச்சுதான். சட்டி, பானைன்னு ஏதாவது கீழ விழுந்தா, ‘விழுகிறேன், அப்படித்தானே’ன்னு கத்துவோம். அப்பா திட்டுவார். அப்புறம் வரன் வந்துச்சு. அந்தக் குரலுக்கு இவர்தான் சொந்தக்காரர்னு சொன்னாங்க. அக்கா தலகாணியில முகத்தைப் பொத்திக்கிட்டு ஓடிட்டா.”

“பின்ன எதுக்கு சரின்னு சொன்ன?”

“உங்களைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னேன்.” கால்சட்டையை மடியில் போட்டுத் தடவினாள். “உங்க குரலைக் கேட்டாத் தவிர எங்க வீட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்க. தெரியுமில்ல உங்களுக்கு.”

“இத்தனை வருஷத்துல நீ என்னைப் பார்த்து ஒரு நாள் சிரிச்சதில்லையே.”

“உங்க மூஞ்சி வாடிடும்னு இதைக் கடிச்சுக்கிட்டேன்” என்று ஊசி டப்பாவைக் காட்டினாள். “தையல் மெஷின்ல ஏத்தி இறக்கற துணிக்கு இவ்வளவு ஊசி எதுக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

அன்று அவர் அவளோடு பேசவில்லை. மறுநாள் காலையில், “வா, நீயும் வந்து உக்காந்து கேளு. சிரிக்கிறதுன்னா எல்லாரோடயும் சேர்ந்து சிரி” என்று விறைப்பாகச் சொன்னார். அவள் திருத்திய கால்சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் கொடுத்துவிட்டு, கூடவே வந்தாள்.

மீதி இருந்தது கடைசிக் காட்சி. ஆட்டம் முழுவதும் ஜெயித்து முடித்தவர்களுக்கு மட்டும் காட்டுவதாம். இயந்திர நாய்களின் கோட்டையைத் தகர்த்துவிட்டு, லேசர் வேங்கை கோபுரத்தின் உச்சியிலிருந்து தீக்குழம்புக்குள் விழுந்து ஒரேயடியாகச் சாகிறார். குரல்காரர் மைக் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார்.

“நான் விழவில்லையடா. இந்த நகரம்தான் மேலே போகிறது.”

வெளியே வந்தது யாரோ ஒரு வயசான ஆளின் குரல். தன் குரலை அவர் அன்றுதான் முதன்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டார். எங்கே அது அசட்டுத்தனமாக வளைகிறது, எங்கே தேவையில்லாமல் உறுமுகிறது என்று ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. தெரிந்ததும் அந்த இடங்களிலெல்லாம் குரல் பயந்து பதுங்கியது. மறுபடி சொன்னார். இன்னும் சின்னதாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் பெண் ஒலிவாங்கியில் மெதுவாக, “பரவாயில்ல சார். முத நாள் பேசினதை வெட்டி ஒட்டி ஒப்பேத்திக்கலாம். நீங்க கஷ்டப்படாதீங்க” என்றாள்.

குரல்காரர் கண்ணாடி வழியே பார்த்தார். நாற்காலி நுனியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்ற முகம். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள். கொண்டைக்காரனும் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தான். கேசட் பனியன் போட்ட கொண்டைக்காரன், இவரைப் பார்த்து!

அது அவருக்குப் பொறுக்கவில்லை. அடிவயிற்றில் பழைய இளக்காரம் குபுகுபுவென்று கிளம்பியது. நல்லா இல்லையாமே? இல்லாமல் போகட்டுமே! இந்த ஊருக்கு எந்தக் காலத்தில் காது இருந்தது? வயர் லூசு மாதிரி படம் எடுக்கிறதுகளும், சட்டி விழுந்ததற்குச் சிரித்த அக்கா தங்கைகளும் சொல்லியா இவர் தெரிந்துகொள்ள வேண்டும்? “ரெக்கார்டிங் போடுப்பா” என்றார். கொண்டைக்காரன் தயங்கினான். “போடுடா!”

“நான் விழவில்லையடா!” என்று தொடங்கியபோது ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது. “இந்த நகரம்தான்... மேலே... போகிறது!” உறுமல் வந்த இடத்தில் இரண்டு மடங்கு உறுமினார். வளைந்த இடத்தில் ஒடிகிற அளவுக்கு வளைத்தார். பிறகு விழுந்தார். கால் தரையில் இருந்தபடியே, இரண்டு கையும் காற்றைப் பிறாண்ட, கண் பிதுங்க, கோபுரத்தின் ஒவ்வொரு மாடியிலும் ஓர் அலறல் அலறிக்கொண்டு, தீக்குழம்பு தொட்டதும் ஒரு கொதி கொதித்து அடங்கி, அடங்கிய பிறகும் ஒரு முறை முனகிச் செத்தார்.

கொண்டைக்காரன் நாற்காலியிலிருந்து கீழே போய்விட்டான். டைரக்டர் பெண் மேஜையில் தலையைச் சாய்த்துக் கையால் மேஜையைக் குத்தினாள். அவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டில் கடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுசாகத் திறந்து, கன்னமெல்லாம் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்கு இப்படி ஒரு முகம் இருப்பது அவருக்குத் தெரியாது. அது அழுகை இல்லை என்று இந்த முறை நன்றாகத் தெரிந்தது.

“ஓகே சார், ஓகே, போதும், முடிஞ்சுது!” என்று டைரக்டர் பெண் கையைக் காட்டினாள்.

குரல்காரர் ஹெட்போனைக் கழற்றவில்லை. மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், யாரும் கேட்காமலே, மறுபடியும் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி விழ ஆரம்பித்தார்.